மூடின கதவுக்கு வெளியே நின்று பேசுகிறவள்

லெயா செய்டூவை நான் முதலில் பார்த்தது 'மிஷன் இம்பொசிபிள்: கோஸ்ட் புரோட்டகோல்' (2011) படத்தில். வைரங்களைக் கூலியாக வாங்கிக்கொண்டு ஆட்களைக் கொல்கிற பெண்ணாக வருவார். வடிவான வில்லி, அவ்வளவுதான் எண்டு நினைச்சு மறந்திட்டன். பிறகு 'ஸ்பெக்டர்' (2015) வந்தது. அதில் ஜேம்ஸ் பொண்டின் காதலி. அப்போதும் பெரிசா ஒண்டும் தோன்றவில்லை.

நடிப்பில் வித்தியாசம் காட்டுறதெண்டால் எங்களுக்குக் கெட்டப் மாத்துறதுதான். 'தசாவதாரம்' பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். செய்டூவிடம் அந்த வித்தை இல்லை. எல்லாப் படத்திலும் அதே முகம், முன்பல்லில் அதே சின்ன இடைவெளி. ஆனால் அந்த முகத்தோடு அவர் போய் வந்த இடங்கள் கொஞ்சமில்லை. 'ஃபெயார்வெல், மை குயின்' (2012) படத்தில், பிரெஞ்சுப் புரட்சி வெடிக்கிற நாட்களில் அரசிக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிற பணிப்பெண். அதே ஆண்டு வந்த 'சிஸ்டர்' படத்தில், பனிச்சறுக்குச் சாமான்களைக் களவெடுத்து வீட்டை நடத்துகிற ஒரு சின்னப் பெடியனோடு வாழும் பொறுப்பில்லாத இளம்பெண். 'புளூ இஸ் த வோர்மெஸ்ட் கலர்' (2013) படத்தில் நீலத் தலைமுடியோடு ஓவிய மாணவி. அந்தப் படத்துக்குக் கான் விழாவின் தங்கப் பனை விருதை இயக்குநரோடு சேர்த்து இரண்டு நடிகைகளுக்கும் கொடுத்தார்கள். படப்பிடிப்பில் பட்ட பாட்டை இருவரும் பிறகு வெளிப்படையாகவே சொன்னார்கள்.

பாட்டன் பதே சினிமா நிறுவனத்தின் தலைவர். அதனால், எல்லாம் குடும்பச் செல்வாக்கு எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். 'ஒன் ஃபைன் மோர்னிங்' (2022) பார்த்த பிறகு எனக்கு அந்தக் கதையில் அக்கறை போய்விட்டது.

மியா ஹான்சன்-லோவ் இயக்கிய படம். சான்ட்ரா என்கிற மொழிபெயர்ப்பாளராக செய்டூ நடிக்கிறார். தனியாக ஒரு மகளை வளர்க்கிறவள். தத்துவம் படிப்பித்த அப்பாவுக்கு நோயால் பார்வையும் நினைவும் போய்க்கொண்டிருக்கின்றன. தொடக்கக் காட்சியில் அவள் அப்பாவின் வீட்டு வாசலில் நிற்கிறாள். உள்ளே இருக்கிற அவருக்குக் கதவைத் திறக்கத் தெரியவில்லை. மூடின கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, எப்படித் திறப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறாள். குரல் உயரவில்லை, அழுகையும் இல்லை.

அந்த இடத்தில் படத்தை நிப்பாட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் இருந்தன். எங்கட அம்மப்பா என்னை மாமாவின் பேரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கின வருசம் அது. ஒவ்வொரு முறையும் "நான் மாமா இல்லை, அம்மப்பா" எண்டு சத்தம் போட்டுத் திருத்துவன். அவர் வெக்கப்பட்டுத் தலையைக் குனிவார். அவருக்கு நினைவு வரட்டும் எண்டுதான் செய்யிறன் எண்டு நினைச்சிருந்தன். எனக்குப் பயம், அதுதான் உண்மை.

அடுத்த நாள் பின்னேரம் விறாந்தையில் இருந்து மாமாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஓம், சொல்லுங்கோ" எண்டு போய்ப் பக்கத்தில் இருந்தன்.