அப்பா என்ன பண்றார்?

எங்கள் வேதியியல் துறையில் சமத்துவம் என்று யாராவது பேச்செடுத்தால், "அதான் 69 சதவீதம் இடஒதுக்கீடு இருக்கே, இன்னும் என்ன?" என்ற பதில் தயாராக இருக்கும். பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. 1994இல் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏறிய கணக்கு இது. இது இல்லாவிட்டால் நானே இந்தப் படியேறியிருக்க மாட்டேன். ஆனால் இந்தக் கணக்கு அலுவலகத்தோடு சரி. அதைத் தாண்டி ஒரு மேசை, நாலு நாற்காலி, எதிரே ஒரு பிள்ளை. அங்கே நடப்பதை எந்த அரசாணையும் எட்டிப் பார்ப்பதில்லை.

யுஜிசியின் 2022 விதிப்படி, பல்கலைக்கழகமே நுழைவுத் தேர்வு நடத்தினால் பிஎச்.டி. சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30. எழுத்துத் தேர்வில் பிள்ளைகள் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில்தான் முன்னே பின்னே நிற்பார்கள். வரிசையையே புரட்டிப்போட அந்த 30 தாராளம்.

முன்பெல்லாம் எங்கள் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அப்பா என்ன பண்றார்?" பயம் தெளியட்டும் என்றுதான் கேட்டோமாம். பேராசிரியர் என்று பதில் வந்தால், "எந்தக் காலேஜ்? எனக்குத் தெரியுமே!" என்று பேச்சு களைகட்டும். கூலி வேலை என்றால் "ஓ, சரி சரி." அப்புறம் நேரே குவாண்டம் கெமிஸ்ட்ரி. போதாததற்கு எங்கள் கையிலிருந்த தாளில் பெயருக்கு அடுத்த கட்டமே கம்யூனிட்டி.

அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு கலங்கும். எம்.எஸ்சி. முடித்து நானும் அப்படியொரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். "பிசினஸ்" என்றேன். "என்ன பிசினஸ்மா?" "டெக்ஸ்டைல்ஸ் சார்." அப்பா தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவர். வண்டி சொந்த வண்டி, கையில் துணி, ஆக முழுப் பொய்யும் இல்லை. இடம் கிடைத்தது. அந்தப் பதிலை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. அவர் தொழிலை நினைத்து நான் வெட்கப்பட்டதே இல்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். வெட்கப்பட்டேன்.

நேர்காணல் குழுவில் இடம் கிடைத்ததும் சிலவற்றைக் கேட்டு வாங்கினேன். எல்லாருக்கும் ஒரே ஐந்து கேள்விகள், முன்கூட்டியே எழுதி வைத்தவை. குடும்பத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அவரவர் மதிப்பெண்ணை எழுதி மூடிக் கொடுத்த பிறகே பேச்சு. கம்யூனிட்டி கட்டம் அலுவலகத் தாளில் இருக்கட்டும், எங்கள் தாளில் வேண்டாம். இவ்வளவும் பெரிய சண்டை இல்லாமல் நடந்தது. தமிழிலும் பதில் சொல்லலாம் என்றதற்குத்தான் மூத்தவர் ஒருவர் பொங்கிவிட்டார்: "தரம் என்னம்மா ஆகிறது?"

அதுவும் நடைமுறைக்கு வந்த பிறகு, குரோமட்டோகிராபி பற்றிய கேள்விக்கு ஒரு பையன் ஆங்கிலத்தில் இரண்டு வரியோடு நின்றுவிட்டான். தமிழில் சொல்லலாம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சிலிக்கா பிடிச்சு வைக்கும், சால்வென்ட் இழுத்துட்டுப் போகும் மேம். எது சிலிக்காவோட அதிகமா ஒட்டுதோ அது கடைசியா வரும்." சால்வென்டை மாற்றினால் என்னாகும் என்று நாங்கள் கேட்பதற்குள் அதையும் சொல்லிவிட்டான். மூத்தவர் அவனுக்கு எத்தனை போட்டார் என்று தெரியாது. மூடித்தானே கொடுத்தோம்.

யாருக்கு எந்த கைடு என்பது மட்டும் இன்னமும் டீ வேளையில்தான் முடிவாகிறது. கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு நல்ல ஆய்வகம், தயங்கி நிற்கிற பிள்ளைக்கு மிச்சம். இதைத் துறைக் கூட்டத்தில் வைக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். எச்.ஓ.டி. மேசையில் இருக்கிறது.