பிங் சொன்ன பாதி உண்மை

கணினிப் பிணையங்களை ஆய்வு செய்பவன் என்ற தகுதியில் ஒரு பொறுப்பை ஏற்று, அதில் தவறினேன். தவறு எங்கே நேர்ந்தது என்பதை எழுதிவைத்தால் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் இப்பதிவு.

டிராம்பேயின் சீட்டா கேம்ப்பில் ஒரு சிறு படிப்பகம் இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட பகுதி அது. தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வீட்டில் அமர்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகள் மாலையில் அங்கு வருவார்கள். இணையம் அடிக்கடி அறுந்ததால், இரு வேறு நிறுவனங்களின் இணைப்புகளுக்கு இரண்டு ரவுட்டர்களை அமைத்துக் கொடுத்தேன்.

இரண்டும் வி.ஆர்.ஆர்.பி. நெறிமுறைப்படி ஒரே மெய்நிகர் முகவரியைப் பகிர்ந்துகொண்டன. முதன்மை ரவுட்டர் நொடிக்கு ஒருமுறை தன் இருப்பை அறிவிக்கும். மூன்று நொடிக்குச் சற்று மேலும் அறிவிப்பு வராவிட்டால் மாற்று ரவுட்டர் பொறுப்பேற்கும். வெளி இணைப்பு அறுந்தாலும் முதன்மை ஒதுங்கிக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தேன். வயரைப் பிடுங்கி, பிங் செய்து பார்த்தேன். மூன்று நான்கு பதில்கள் தவறின. பிறகு ஒழுங்காக வந்தன. நிறைவோடு வீடு திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கட்டணம் கட்டி இணையவழி மாதிரி நுழைவுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணி நேரம் ஆனபோது முதல் இணைப்பு அறுந்தது. இரண்டாவது ரவுட்டர் பொறுப்பேற்றது. தேர்வுத் தளமோ வேறு யாரோ நுழைந்துவிட்டதாகக் கருதி அவளை வெளியேற்றியது. விடைகள் போயின. “அண்ணா, நெட் போகவே இல்லையே, அப்புறம் ஏன்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

காரணம் முகவரிப் பெயர்ப்பு. ஐ.பி. நான்காம் பதிப்பின் முகவரிகள் 32 பிட் கொண்டவை; மொத்தமே சுமார் 430 கோடி. அவை போதாமற்போகும் என்ற அச்சத்தில் 1994இல் முன்வைக்கப்பட்ட வழி இது. உள்ளே இருக்கும் பல கணினிகள் ஒரே வெளி முகவரியில் பேசும். எந்தப் பதில் யாருக்கு உரியது என்ற அட்டவணை ரவுட்டரின் நினைவில் இருக்கும். என் மாற்று ரவுட்டரிடம் அந்த அட்டவணையும் இல்லை, அந்த வெளி முகவரியும் இல்லை. டி.சி.பி. உரையாடலோ இரு முனைகளின் முகவரிகளையும் போர்ட் எண்களையும் கொண்டே அடையாளம் காணப்படுகிறது. முகவரி மாறினால் மறுமுனைக்கு நாம் அந்நியர். பிங்குக்குப் பதில் தரும் கணினி முன்பு கேட்டவர் யார் என்று பார்ப்பதில்லை. ஆகவே என் சோதனை வெற்றி பெற்றது.

இதைப் படிப்பகத்தின் பெரியவர் ஒருவரிடம் விளக்கினேன். ஜனதா காலனியில் வளர்ந்தவர். “புரியுது தம்பி. நாங்க இங்க வந்தப்புறம் ஊர்லேருந்து கடுதாசி பழைய விலாசத்துக்கே போச்சு. யார் எந்தப் பிளாட்டுக்குப் போனாங்கன்னு தபால்காரருக்குத் தெரிஞ்சாத்தானே கொண்டு வருவார்?” என்றார். அட்டவணை என்பதை அதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் சொன்னதில்லை.

இரு ரவுட்டர்களுக்கும் பொதுவான ஒரே வெளி முகவரி இருந்திருந்தால், கான்ட்ராக்டி போன்ற மென்பொருளால் அட்டவணையை உடனுக்குடன் படியெடுத்திருக்கலாம். நிறுவனங்கள் இரண்டு என்பதால் அதற்கு வழியில்லை. எனவே இரு ரவுட்டர்களுக்கும் உட்புறமாக ஒரு சிறு கணினியை வைத்து, தொலைவில் வாடகைக்கு எடுத்த சர்வர் வரை வயர்கார்டு சுரங்கம் அமைத்தேன். இப்போது தேர்வுத் தளம் காண்பது அந்த சர்வரின் நிலையான முகவரியை. இணைப்பு மாறினாலும் சர்வர் எங்களை முகவரியால் அன்றிச் சாவியால் அடையாளம் காண்கிறது. அந்தச் சிறு கணினியோ சர்வரோ பழுதானால் அனைத்தும் நிற்கும், அக்குறையை மறைக்கவில்லை.

இம்முறை பிங் செய்யவில்லை. நானே ஒரு மாதிரித் தேர்வைத் தொடங்கி, பாதியில் வயரைப் பிடுங்கினேன். திரை நான்கு நொடி உறைந்து, பிறகு தொடர்ந்தது. ஓர் அமைப்பைச் சோதிக்க விரும்புவோர் அதன் பயனர் செய்வதையே செய்து பார்க்க வேண்டும் என்பதை இவ்வளவு தாமதமாகக் கற்றேன்.

அந்த மாணவியின் மறுதேர்வுக்கு நான் கட்டணம் செலுத்தினேன். அவள் எழுதி முடித்த இரவு ரவுட்டரின் பதிவுகளைப் பார்த்தேன். இடையில் ஒருமுறை இணைப்பு மாறியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.