குலசேகரத்தில் ஒரு கண்ணாடி வனம்

தக்கலையில் ஞானி பீர்முகம்மது அப்பா அவர்களின் அடக்கத்தலத்தைக் கண்டுவிட்டு, திருவட்டாறு வழியாகக் குலசேகரம் நோக்கிப் பேருந்தில் செல்வது ஓர் இனிய அனுபவம். தென்னையும் வாழையும் பின்தங்க, சாலையின் இருமருங்கிலும் ரப்பர் மரங்கள் அணிவகுத்து நிற்கும். ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் பால் வடியும் சிரட்டை. வீட்டு முற்றங்களில் துணி காய்வதுபோல் வெண்ணிற ரப்பர் ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருக்கும். அருகில் திற்பரப்பு அருவி. மலையடியில், திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் 1897 முதல் 1906 வரை கட்டப்பட்ட பேச்சிப்பாறை அணை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் வந்து பொழியும் பூமி இது.

இத்தகைய நீர்வளம் மிக்க ஊரில், வீட்டுக் கூடத்துக்குள் ஒரு நீர்வனத்தை வளர்த்துவரும் நண்பர் ஒருவரைக் காணவே நான் சென்றிருந்தேன். வளைகுடா நாட்டில் பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பியவர். சிறிய ரப்பர்த் தோட்டமும் வயது முதிர்ந்த தாயாரும் அவருக்கு உண்டு.

"பள்ளிவாசல் ஹவுளில் மீனைப் பார்த்தபடி ஒளூச் செய்து வளர்ந்தவன்தானே காக்கா நான்! அந்த ஆசைதான்" என்று சிரித்தார். கொசுப்புழுக்களைத் தின்னட்டும் என்று ஹவுளில் மீன்விடும் வழக்கத்தை நம்மில் அறியாதார் யார்?

அடித்தளமே முதல்

தொட்டியின் நீளம் 6 அடி. அகலமும் உயரமும் இரண்டிரண்டு அடி. ஏறத்தாழ 680 லிட்டர் நீர் கொள்ளும். மண், கல், கண்ணாடி ஆகியவற்றின் எடையும் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கிவிடும். ஆகவே மாடியில் வைக்காமல், கீழ்த்தளத்தில், கிழக்கு ஜன்னலை ஒட்டி உறுதியான இரும்புத் தாங்கியின்மீது அமைத்திருந்தார்.

அடியில் மெல்லிய செம்மண் படிவம். அதன்மேல், வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணலை நீர் தெளியும்வரை அலசிப் பரப்பியிருந்தார். முன்புறம் இரண்டு அங்குலம், பின்புறம் ஐந்து அங்குலம் எனச் சரிவாக அமைத்தால் பார்வைக்கு ஆழம் கூடும். கற்களைத் தேர்ந்த விதம்தான் எனக்கு வியப்பளித்தது. ரப்பர்ப் பாலை உறையவைக்கும் அமிலத்தில் ஒரு சொட்டைக் கல்லின்மீது விடுவாராம். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு. நாளடைவில் நீரைக் கடினமாக்கும். நுரைக்காத கருங்கல்லே தொட்டிக்குள் செல்லும்.

அவசரம் தந்த பாடம்

2013-ஆம் ஆண்டு தொட்டி அமைந்தது. மூன்றாம் நாளே நாற்பது மீன்களை வாங்கி விட்டார். இரு வாரத்துக்குள் அத்தனையும் மடிந்தன. "விற்றவர் மீது குறையில்லை, என் அவசரமே கொன்றது" என்றார்.

காரணம் எளிது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக மாற்றும். பிறிதொரு வகை, நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். அந்த நைட்ரேட்டைச் செடிகள் உணவாகக் கொள்ளும். இந்நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை காத்திருத்தல் வேண்டும்.

1850 வாக்கில் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளரும் இதே பாடத்தைப் பயின்றார். ஒரு கண்ணாடிக் கலத்து நீரில் இரு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்னவே நீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் சமநிலை அங்கே புலனாயிற்று. பிற்காலத்தில் அதனைப் பெருங்கலையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ. 2015-இல் லிஸ்பனில் 40 மீட்டர் நீளமுள்ள நீர்வனத்தை அமைத்துவிட்டு, அவ்வாண்டே மறைந்தார்.

நம் நண்பர் 2014-இல் மீண்டும் தொடங்கினார். இம்முறை மீனுக்கு முன்னே செடி. வாய்க்காலில் விளையும் வேலம்பாசி, நாடாபோல் நீளும் வாலிஸ்னேரியா, தென்னிந்தியாவின் செந்நிற ரோட்டலா, இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன். நட்ட சில நாட்களில் கிரிப்டோகோரைனின் இலைகள் கூழாய்க் கரைந்தன. "செத்ததைப் பிடுங்கி எறி மோனே" என்றார் தாயார். நண்பர் பிடுங்கவில்லை. இடம் மாறினால் இலையை உதிர்ப்பது அச்செடியின் இயல்பு; வேர் உயிரோடிருக்கும். சில வாரங்களில் புதுத்தளிர் எழுந்தது. பாசி படர்ந்தபோது மருந்தூற்றாமல், பன்னிரண்டு மணி நேரம் எரிந்த விளக்கை எட்டு மணியாகக் குறைத்தார், செடிகளைக் கூட்டினார். இரண்டாண்டில் தொட்டி காடாயிற்று.

புயல் வந்த நாள்

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயலைக் குமரி மாவட்டம் எங்ஙனம் மறக்கும்? கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. மலையோரத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. நண்பரின் தோட்டத்திலும் பெரும்பகுதி மரங்கள் ஒரே இரவில் வீழ்ந்தன. மின்கம்பங்கள் முறிந்ததால் எட்டு நாட்கள் அவ்வீட்டில் மின்சாரம் இல்லை.

மோட்டார் ஓடாததால் அண்டை வீட்டார் குடத்துடன் இவர் வீட்டுக் கிணற்றுக்கு வந்தனர். "மனிதருக்கே தண்ணீர் இல்லை; நீ மீனைப் பார்க்கிறாயா?" என்று தாயார் கடிந்தார். நியாயமான கேள்வி. நண்பர் கிணற்றுநீரில் ஒரு சொட்டும் தொட்டிக்கு எடுக்கவில்லை. தொட்டி நீரையே குவளையில் மொண்டு, உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றினார். விழும் நீர் காற்றைக் கலந்து செல்லும். உணவிடுவதை நிறுத்தினார். நின்றுபோன வடிகட்டியைத் திறந்து, தேங்கிய நீரைக் கொட்டினார். இல்லையேல் மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் தொட்டிக்குள் பாய்ந்திருக்கும்.

பகலில் அஞ்சவேண்டியதில்லை. கிழக்கு ஜன்னலின் வெயில் பட்டதும் இலைகள் பிராணவாயுவை வெளியிட்டு முத்துமுத்தாய்க் குமிழிட்டன. இரவோ சோதனை. ஒளியில்லாதபோது செடிகளும் பிராணவாயுவை உட்கொள்ளும். ஆகவே அவரும் மனைவியும் மாறிமாறி விழித்திருந்து, மணிக்கொருமுறை குவளையால் மொண்டு ஊற்றினர். நான்காம் இரவு, உறங்கிப்போன மருமகளின் கையிலிருந்த குவளையை எடுத்துக்கொண்டவர் அதே தாயார்தாம்!

எட்டாம் நாள் விளக்கு எரிந்தபோது, அறுபதுக்கு மேற்பட்ட மீன்களில் நான்கே குறைந்திருந்தன.

தோட்டம் போனபின் பணமுடை. தொட்டியை முழுவதுமாக விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். நண்பரும் இசைந்துவிட்டார். "மரம் போயிற்று, நின்றது இது ஒன்றுதான். இதையும் கொடுக்காதே" என்று தாயார் தம் கைவளையல் ஒன்றைக் கழற்றித் தந்தாராம். அதுவே புதுக்கன்றுகளாக 2018-இல் மண்ணில் இறங்கியது.

வாய்க்காலுக்குத் தீங்கு வேண்டா

தொட்டி வளர்க்க விழைவோருக்கு நண்பர் ஒன்றை வற்புறுத்துகிறார். வெட்டிய செடியையோ வேண்டாத மீனையோ ஆற்றில் விடலாகாது. அழகுக்கென்று வந்த ஆகாயத்தாமரை நம் குளங்களை மூடியதை மறக்கலாமா? அதுபோன்றே, ஆற்றிலிருந்து அள்ளுவதற்கும் அளவு வேண்டும். சென்னை மாகாண ஆளுநர் டெனிசனின் பெயரால் 1865-இல் அறிவியல் பெயர் பெற்ற, 'மிஸ் கேரளா' எனப்படும் அழகுமீன், உலகெங்கும் தொட்டிகளுக்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டு, மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் அருகிப்போயிற்று.

ரப்பர்க் கன்று பால்வெட்டுக்குப் பக்குவப்பட ஏழாண்டுகள் செல்லும். 2018-இல் நட்டவை இப்போது அப்பருவத்தை எட்டியுள்ளன. நான் விடைபெற்ற காலையில் நண்பர் தோட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் தாயார் தொட்டியின் முன் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார். அவர் கையில் வளையல் ஒன்றுதான் இருந்தது. அன்று கரைந்துபோன அந்தக் கிரிப்டோகோரைன், தொட்டியின் அடியெங்கும் பரந்து அடர்ந்து நின்றது.