பேனாவால் திருத்திய மூன்று கட்டங்கள்

கோவை குறிச்சி தொழிற்பேட்டையில், பம்ப் பாகங்களுக்குத் துளை போடும் பட்டறை அது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு மெஷின் நின்றுபோயிருந்தது. வார்ப்பை இறுக்கிப் பிடிக்கும் சிலிண்டரின் ராடு பின்னால் திரும்பவில்லை. ஐ.டி.ஐ. முடித்துப் பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர் கரண்டை நிறுத்தினார். மெயின் காற்று வால்வை அடைத்துப் பூட்டினார். 6 பாரில் நின்ற கேஜ் முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. சிலிண்டர் டியூபைக் கழற்றக் கை நீட்டினார்.

"இரு கண்ணு. படத்தைப் பாத்துட்டுக் கை வைக்கலாம்" என்றார் மூத்த ஃபிட்டர்.

பேனல் கதவின் உள்பக்கம் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்: மெஷினின் நியூமேட்டிக் சர்க்யூட் படம். அவர் விரல் கீழிருந்து மேலே போனது. காற்று நுழையும் இடம் கீழே. வேலை செய்யும் சிலிண்டர் மேலே. நடுவில் புள்ளிக்கோடு ஓடும் சாய்சதுரம் ஃபில்டர். அம்பும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒற்றைக் கட்டம் ரெகுலேட்டர். முழுக்கோடு காற்று போகும் பாதை. விட்டுவிட்டு வரும் கோடு, வால்வைத் தள்ளும் பைலட் காற்று. முக்கோணம் வெற்றாக இருந்தால் காற்று, நிரப்பியிருந்தால் ஆயில். ஐ.எஸ்.ஓ. 1219 என்ற உலகத் தரம் வகுத்த குறிகள் இவை. அந்தத் தரப்படி வரைந்திருந்தால், எந்த நாட்டு மெஷினின் படத்தையும் இவர் படித்துவிடுவார்.

வால்வுக்கு வந்ததும் விரல் நின்றது. வால்வின் உருவத்தை அதன் குறியில் தேடக் கூடாது. அது செய்யும் வேலைதான் அங்கே இருக்கிறது. ஒரு கட்டம் ஒரு நிலை. உள்ளே அம்பு இருந்தால் காற்றுக்கு வழி உண்டு. குறுக்கே சிறுகோடு இருந்தால் அடைப்பு. ஐந்து வாய், இரண்டு கட்டம் என்றால் ஃபைவ்-டூ வால்வு. 1 காற்று வரும் வாய். 2, 4 சிலிண்டருக்கு. 3, 5 வெளியேற்ற. பக்கத்தில் சாய்கோடு போட்ட சின்னப் பெட்டி காயில்; நெளிகோடு ஸ்பிரிங்.

அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு கிழித்து, கட்டங்களை வரைந்து, தாளின் மேல் வைத்து இடமும் வலமுமாக நகர்த்தினார். "குழாய் நகராது, கட்டந்தான் நகரும்" என்றார். இளைஞருக்குப் புரிந்தது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

அந்தத் தாளில் அச்சிட்டிருந்த ஃபைவ்-டூ வால்வை யாரோ அடித்துவிட்டு, பேனாவால் மூன்று கட்டங்கள் வரைந்து தேதியும் போட்டிருந்தார்கள். இரு பக்கமும் காயில், இரு பக்கமும் ஸ்பிரிங். நடுக் கட்டத்தில் ஐந்து வாயும் அடைப்பு. கரண்ட் போனால் ஸ்பிரிங்குகள் வால்வை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். சிலிண்டருக்குள் இருக்கும் காற்றுக்கு வெளியேற வழி கிடையாது. மெயின் குழாயின் அழுத்தத்தைத்தான் கேஜ் காட்டுகிறது; சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று அதற்குத் தெரியாது. முன்பிருந்த ஃபைவ்-டூ வால்வாக இருந்தால், மெயினை இறக்கியதுமே சிலிண்டர் காற்றும் வால்வு வழியே திரும்பிப் போயிருக்கும். இப்போது டியூபைப் பிடுங்கியிருந்தால் அது சாட்டைபோல் முகத்தில் அடித்திருக்கும்.

எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். வால்வில் ராடு திரும்பும் பக்கத்துக் கைப்பொத்தானை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினார். சைலன்சர் வழியாகச் சீறி வெளியேறியது காற்று. அதன் பிறகுதான் மீட்டரை எடுத்துக் காயிலைச் சோதித்தார். ராடைத் திருப்ப வேண்டிய காயில் எரிந்திருந்தது. வேறு காயில் மாட்டியதும் மெஷின் ஓடத் தொடங்கியது.

அன்று அந்த இளைஞரைக் காத்தது பேனாவால் போட்ட திருத்தம். மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: வால்வை மாற்றும் அன்றே படத்தையும் திருத்துங்கள். நாளை அதை நம்பிக் கை வைக்கப்போவது இன்னொருவர்.