பை நிக்கணும்

போடியிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே மாந்தோப்புகளும் இலவமரங்களும் வெயிலில் கிடக்க, ஏற ஏறக் காற்றில் ஈரம் கூடிக்கொண்டே போகும். மாசிக் கடைசியில் அப்படி ஒரு ஜீப்பில், தூக்குவாளிகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து போடிமெட்டுக்குப் போனேன். கூட வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். பேச்சு மட்டும் நிற்காது.

மெட்டைத் தாண்டிப் பூப்பாறை போகும் வழியில், சரிவில் ஒரு ஏலநாற்றுப் பண்ணை. ஆறு பெண்கள் அங்கே இறங்கினார்கள். அவர்களோடு நானும் இறங்கினேன்.

பச்சை நிழல்வலைக்குக் கீழே கறுப்பு பாலிதீன் பைகள் வரிசை வரிசையாக நின்றன. இருபது சென்டிமீட்டர் உயரப் பை, அடியில் நாலைந்து ஓட்டை, உள்ளே ஒற்றை நாற்று. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கு முழுப் பகலும் போதவில்லை.

மண் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். இருபது வருடமாக மலை ஏறி இறங்குகிறவர். "மொதல்ல மண்ணப் பிடிச்சுப் பாருங்க தம்பி" என்றார். பிடித்தேன். உருண்டையாக நின்றது. "இப்பக் கட்டவிரலால அமுக்குங்க." உதிர்ந்தது. அதுதான் பதம். உதிராமல் ஒட்டினால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். உருண்டையே பிடிக்காவிட்டால் பையைப் பிரித்து நாற்றை நடும்போது மண் சரிந்து வேர் வெளியே வந்துவிடும். மூன்று சட்டி மேல்மண், ஒரு சட்டி சாணம், ஒரு சட்டி மணல் என்பது கணக்கு. ஆனால் மண் ஈரமாக இருந்தால் அக்கா மணலைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறார். சாணம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டியையும் விரலால் உடைத்து, உள்ளே சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுவைப் பொறுக்கித் தனியே ஒரு டப்பாவில் போட்டார். ஏலச் செடியின் வேரைத் தின்னும் புழு இந்த மலையில் பெரிய தொல்லை. பையிலேயே அதைக் குடிவைத்து அனுப்பினால் வாங்கிப் போகிறவர் பாடு என்னாவது?

பிறகு பை. வாயருகே கொண்டுபோய் ஒரே ஊது. ஒட்டியிருந்த பாலிதீன் விரிந்தது. இரண்டு கைப்பிடி மண் போட்டதும் அடிப்பக்க மூலைகள் இரண்டையும் கட்டைவிரலால் உள்ளே தள்ளினார். மேலும் மண் போட்டு, தரையில் இரண்டு தட்டு. மேலே ஒரு விரல் அளவு காலி விட்டார், தண்ணீர் நிற்க. கீழே வைத்ததும் பை செங்கல் மாதிரி நின்றது. நான் நிறைத்தது சாய்ந்தது. மூலையைத் தள்ள மறந்திருந்தேன். அதைக் கொட்டிவிட்டு வெறும் பையைத் திரும்ப என் கையில் கொடுத்தார். "பை நிக்கணும் தம்பி. சாஞ்ச பையில தண்ணி ஒருபக்கமா ஓடும், மறுபக்கத்து வேரு காஞ்சு கெடக்கும்."

ஏலவிதைக்குக் காத்திருக்கத் தெரியாது. பழத்திலிருந்து எடுத்து நாள் கடந்தால் முளைப்புத் திறன் மளமளவென்று விழும். அதனால் புரட்டாசி, ஐப்பசியில் நன்றாகப் பழுத்த காயைப் பிதுக்கி, வழவழப்புப் போகக் கழுவி, சாம்பல் கலந்து நிழலில் உலர்த்தி உடனே பாத்தியில் தூவிவிடுகிறார்கள். மேல்தோல் கடினம், முளைக்க மூன்று வாரமாவது ஆகும். எல்லாம் ஒரே நாளில் முளைப்பதும் இல்லை. மூன்று நான்கு இலை விட்டதைத் தேர்ந்து பைக்கு மாற்றுகிறார்கள். குச்சியால் குழி போட்டு, வேர் மடங்காமல் இறக்கி, கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். ஆழமாகப் போனால் பக்கக் கன்று வெடிக்காது, தண்டும் அழுகும்.

நாற்று வேண்டாம், தாய்த் தூரிலிருந்து தட்டை எனப்படும் பக்கக் கன்றைப் பிரித்து நட்டால் போதும் என்பவர்களே இன்று மலையில் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. ஏலப்பூவில் தேனீ செடிக்குச் செடி மகரந்தம் மாற்றுவதால் விதை நாற்று தாயைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் தட்டை வழியாகத்தான் மலை முழுக்கப் பரவியது. ஆனால் தட்டையோடு கட்டே என்ற வைரஸ் நோயும் கூடவே பயணப்படும். விதை வழியாக அது வருவதில்லை. அதனால் விதைப் பைகளையும் தள்ளிவிட முடியாது. 2024 கோடை வறட்சியில் இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டங்கள் பெருமளவில் காய்ந்தன. அடி முதல் மறுபடி நட வேண்டியவர்கள் பைகளைத் தேடித்தான் வந்தார்கள்.

மதியம் கஞ்சி குடித்த பிறகு அக்கா வலைக்குக் கீழே கையை நீட்டி, உள்ளங்கையில் விழுந்த வெளிச்சப் புள்ளிகளைப் பார்த்தார். ஏலம் காட்டு மரங்களின் அடியில் வளர்ந்த சாதி. முழு வெயில் இலையைக் கருக்கும், முழு இருட்டு தண்டை நெட்டையாக்கிச் சோனியாக்கும். முன்பு இலைதழை போட்ட பந்தல், இப்போது வலை. மழைக்கு முன்னால் மேலே கவிந்திருக்கும் கிளைகளைக் கழித்துவிடுவார்கள், ஈரம் தங்கி அழுகல் வராமலிருக்க.

இத்தனை தெரிந்த கைக்குப் பெயர் "பை நிறைக்கிற ஆள்". கூலி, களையெடுக்கிறவருக்கு உள்ள அதே கூலி. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஏலம் பின்னாளில் ஒரு திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேராவது வேலை செய்யும் தோட்டத்துக்கே அது பொருந்தியது. இந்தப் பந்தலடியில் ஆறு பேர். எனக்கு இதில் மனம் ஆறவில்லை. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனது. "அந்த வருசம் உங்களுக்குக் கூலி ஏறுச்சா அக்கா?" என்று கேட்டேன். "வேலைக்கு ஆளு கெடைக்கலன்னு ஜீப்பு கொஞ்சம் முன்னாடியே வந்துச்சு" என்றார்.

நான்கு மணிக்குச் சாலையில் ஹாரன் கேட்டது. மண் ஒட்டிய கைகளைக் குழாயில் கழுவிக்கொண்டு ஐந்து பேர் மேலே ஏறிவிட்டார்கள். அக்கா மட்டும் கடைசி வரிசை வழியாக வந்தார். நான் நிறைத்த பைகளை எங்கே வைத்தேன் என்று அவருக்கு நினைவிருந்தது. ஒவ்வொன்றையும் விரலால் தள்ளிப் பார்த்தார். இரண்டை எடுத்துக் கொட்டினார், மீதியை விட்டுவைத்தார்.

"அடுத்த வருசம் ஆனி மழையில போற செடி இது" என்றார். "யாரு தோட்டத்துக்குன்னு நமக்குத் தெரியாது."

மறுபடி ஹாரன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் சரிவில் ஏறினார், தூக்குவாளி கையில் ஆட.