பறந்துபோன புரோமீன்

புரோமீனின் நெடி எழும்போதெல்லாம் மாணவப் பருவத்தில் நான் எழுதிய பொய்யொன்று நினைவுக்கு வருகிறது.

முதலாம் ஆண்டில், கரைசலொன்றிலுள்ள பீனோலின் அளவைத் துணியும் பரிசோதனை எங்களுக்குத் தரப்பட்டது. பொற்றாசியம் புரோமேற்றுடன் மிகையான புரோமைட்டையும் அமிலத்தையும் சேர்த்தால், ஒரு மூல் புரோமேற்றுக்கு மூன்று மூல் புரோமீன் பிறக்கும். ஒரு மூல் பீனோல் மூன்று மூல் புரோமீனோடு தாக்கமுற்று வெண்ணிற வீழ்படிவைத் தரும். எஞ்சிய புரோமீன், பொற்றாசியம் அயடைட்டிலிருந்து தனக்குச் சமமான மூல் அயடீனை விடுவிக்கும். அந்த அயடீனைத் தயோசல்பேற்றினால் நியமிக்கவேண்டும். அதன் ஒரு மூலுக்கு இரண்டு மூல் தயோசல்பேற்றுச் செலவாகும்.

நாங்கள் உண்டாக்கிய புரோமீன் 0.0015 மூல். இலீற்றருக்கு 0.1 மூல் கொண்ட தயோசல்பேற்றில் அருகிலிருந்த நண்பருக்கு 12.0 கன சென்ரிமீற்றர் செலவாயிற்று, எனக்கோ 10.0 மட்டுமே. எஞ்சிய புரோமீன் அவரிடம் 0.0006 மூல், என்னிடம் 0.0005 மூல். ஆகவே அவருக்குப் பீனோல் 0.0003 மூல், எனக்கு அதனினும் ஒன்பதிலொரு பங்கு கூடுதல்.

காரணத்தை என் தொண்டையே அறிந்திருந்தது. குடுவையின் அடைப்பானைச் சரிவரப் பொருத்தாது விட்டிருந்தேன். வெளியேறிய 16 மில்லிகிராம் புரோமீனையும் பீனோலே உட்கொண்டதாக என் கணக்குக் கருதிவிட்டது. மூல் கணக்கு தாக்கமுற்றதையும் தப்பியோடியதையும் பிரித்தறியாது. அதனைச் சொல்லவேண்டியவன் பரிசோதகனே. நானோ குறிப்பேட்டில் 12.0 என்று எழுதினேன். விரிவுரையாளர் சரியென்று குறியிட்டார்.

1826 இல் பிரான்சைச் சேர்ந்த இளைஞர் பலார், உப்பளத் தாய்நீரிலிருந்து பெற்ற இம்மூலகத்தை உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன்னரே ஜேர்மானிய அறிஞர் லீபிக்கின் கையில் அதே திரவம் இருந்தது. அதனை அயடீன் குளோரைட்டு என அவர் பிழையாகக் கருதியிருந்தார். பின்னர் அப்போத்தலைத் தம் தவறுகளின் நினைவாகப் பேணிவைத்தார் என்பர். பேரறிஞர் பேணிய பிழையை நான் அழித்துவிட்டேனே என்று பின்னாளில் நாணினேன்.

இன்று நானும் கற்பிக்கிறேன். அண்மையில் ஒரு மாணவி, அயலவர் பெறுமானத்தோடு ஒவ்வாத வாசிப்பொன்றுடன் தயங்கி நின்றார். "நீர் கண்டதையே எழுதும், அடைப்பான் தளர்ந்திருந்ததையும் கீழே எழுதும்" என்றேன். அவர் எழுதினார். அன்று நான் எழுதாது விட்ட வரி அதுவே.