வெளியே விடும் நேரம்

ராத்திரி எட்டு மணியானால் எங்க வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்திவிடுவோம். எலி உள்ளே வரக்கூடாதுன்னு ஊர் சாத்தும். நாங்கள் எலி வெளியே போயிடக்கூடாதுன்னு சாத்துகிறோம்.

மகள் பத்தாவது படிக்கிறாள். கொளத்தூர் மீன்கடை வரிசையில் ஒரு கடையிலிருந்து ரெண்டு பொட்டை எலி வாங்கிவந்தாள். ஒன்று முழு வெள்ளை, இன்னொன்றுக்குத் தலை மட்டும் கறுப்பு. ஒத்தையா வளர்த்தால் ஏங்கிப்போகுமாம். ராவும் பகலும் கூண்டிலேயே கிடந்தாலும் ஆகாதாம், தினம் ஒரு மணி நேரமாவது வெளியே விட்டு ஓடவிடணுமாம். அதுக்கு அவள் படுகிற பாட்டைப் பார்க்கணும். ஒயரையெல்லாம் தூக்கிக் கட்டுவாள். பீரோவுக்கு அடியில் அட்டை, கதவிடுக்கில் சாக்குச் சுருள். தரையில் பழைய போர்வையும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியும். கூண்டைத் திறந்துவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்வாள். கைவிட்டு எடுக்கமாட்டாள், அதுகளா வரணும். மூக்கு நீளும், மீசை துடிக்கும், உள்ளே போயிடும். மறுபடி வரும். சுவரோரமாகவே ஒரு சுற்று ஓடும். கடைசியில் அவள் மடியில் ஏறித் தோளில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று தேய்க்கும். சந்தோஷமாம்.

முதல் ஒரு மாதம் அந்த அறைக்குள்ளேயே நான் போகவில்லை. அம்மாவுக்கு அருவருப்பு என்று நினைத்துக்கொண்டாள். அருவருப்பு இல்லை.

மன்னார்குடிப் பக்கம் எங்க ஊர். சம்பா அறுப்பு முடிந்ததும் எங்க தெருவுக்கு எலிக்காலம். அப்பா மூங்கிலை வளைத்துக் கிட்டி செய்வார். சாயந்திரம் வரப்போரம் வைத்தால் விடியலில் போய் எடுக்கணும். வளை வெட்டுகிறபோது நான்தான் புகைச்சட்டியை ஊதுவேன், கண்ணெல்லாம் எரியும். உயிரோடு பிடிபட்டதுக்கு முன்பல்லை உடைத்துப் பறியில் போடுவார். வளைக்குள்ளே எலி சேர்த்துவைத்த நெல்லையும் அள்ளுவோம். சில வளையில் ரெண்டு படி கூட இருக்கும். ஆண்டை வயலில் நாங்கள் நட்டு, நாங்கள் அறுத்த நெல்லை எலிகிட்டயிருந்து வாங்கித் தின்றோம். விடுதியில் சேர்ந்தபோது இதை ஒரு சிநேகிதியிடம் சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து எனக்குப் பேரு எலிக்கறி. மூணு வருசம். அப்புறம் யாருகிட்டயும் சொன்னதில்லை, பெத்த மகளிடம்கூட.

2017இல் டெல்லி ஜந்தர் மந்தரில் தமிழ்நாட்டு விவசாயிகள் எலியை வாயில் கவ்விப் போராடியதை டிவியில் காட்டினார்கள். மனுசன் இதுக்கும் கீழே போகமுடியாது என்று நாட்டுக்குக் காட்டத்தான் கவ்வினார்கள். அது எங்க ராத்திரிச் சோறு. சேனலை மாற்றிவிட்டேன்.

வீட்டுக்காரம்மா ஒருநாள் எட்டிப்பார்த்து, "எலியெல்லாம் வளக்குறீங்களா, ஃபாரின் பழக்கமால்ல இருக்கு" என்று சிரித்தார். குடிவந்தபோது "நீங்க என்ன ஆளுங்க" என்று நாலு விதமாய்ச் சுற்றிக் கேட்டவர்தான். வளர்த்தால் ஃபாரின்.

போன மாசி மாசம் கண் ஆபரேசனுக்காக அப்பா வந்திருந்தார். எட்டு மணிக்கு முன்னாடியே, "சாப்புட்டு வெரசா படுங்கப்பா" என்று பாயை விரித்துவைத்தேன். மகள் அறையிலிருந்து கத்தல். கறுப்புத்தலையைக் காணோம். அப்பா எழுந்து போய்விட்டார்.

"ஆயி, அசையாத நில்லு" என்றார். பீரோவில் காதை வைத்துக் கேட்டார். அடியில் வைத்த அட்டையை ஒரு மூலையில் கடித்திருந்தது. "சுண்டுவெரலு ரெண்டு நொழையுது பாரு. தலை போனா ஒடம்பு போயிரும். எந்த வளைக்கும் இன்னொரு வாசல் இருக்கும், நீ அந்தப் பக்கம் அடை." ஒரு பிடி பொரியை இந்தப் பக்கம் போட்டுக் குந்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மூக்கு வந்தது. பழைய கை. லபக்கென்று வாலைப் பிடித்துவிட்டார்.

"அய்யோ தாத்தா, வாலப் புடிக்காதீங்க! தோலு உரிஞ்சிரும்!"

உடனே விட்டுவிட்டார். "ஆமா ஆயி. வயல்லயும் அப்படித்தான். தோலு கையோட வந்துரும், அது ஓடிரும்."

"வயல்லயா? நீங்க எதுக்குத் தாத்தா புடிச்சீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். எட்டாம் வகுப்பிலிருந்து அடைத்துவைத்தது தொண்டையில் நின்றது.

"சொல்லுங்கப்பா" என்றேன்.

சொன்னார். கிட்டி, புகை, பல், கறி எல்லாம். நடுவில் ரெண்டு தடவை நானும் சொன்னேன். வெள்ளையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"குட்டி இருந்தா?"

"அதயுந்தான் எடுப்போம். பசிக்குக் குட்டி என்ன, பெருசு என்ன."

ஒன்றும் பேசாமல் ரெண்டையும் கூண்டில் விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவும் இருமிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஏழரைக்கே அட்டையும் கத்தரிக்கோலுமாக வந்து நின்றாள். "தாத்தா, ஓட்டை பாக்க வாங்க." பச்சைத்துணி கட்டின கண்ணோடு அப்பா அறையெல்லாம் தவழ்ந்தார். மூன்று இடம் கண்டுபிடித்தார். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர், "இந்தா பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். நேற்று போட்ட பொரியெல்லாம் மூலையில் குவித்திருந்தது.

"சீமை எலியா இருந்தாலும் சேத்துத்தான் வைக்குது" என்று கையில் அள்ளிப் பார்த்தார். "அரைப்படி கூடத் தேறாது ஆயி."